கடலூரில் வாங்கிய கருங்கல் ஜல்லியும் எம்-சாண்டும்: ஒரு மதிப்புரை

கடலூர் செம்மண்டலம் பகுதியிலுள்ள ஒரு கட்டுமானப் பொருள் விற்பனை நிலையத்தில், எங்கள் வீட்டுத் தளக் கான்கிரீட்டுக்காக 20 மி.மீ. ஜல்லி, 12 மி.மீ. ஜல்லி, கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்ட் ஆகியவற்றை வாங்கினோம். கான்கிரீட்டின் பருமனில் ஏறக்குறைய முக்கால் பங்கு வரை ஜல்லியும் மணலுமே அடைத்துக்கொள்கின்றன. ஆயினும், சிமெண்டையும் கம்பியையும் துருவித் துருவி விசாரிப்பவர்கள்கூட இவற்றின் விலையை மட்டும் கேட்டு லாரியை இறக்கச் சொல்லிவிடுவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கொத்தனார்கள் முக்கால் ஜல்லி என்று சொல்லும் 20 மி.மீ. ஜல்லி மிகச் சிறப்பாக இருந்தது. பெரும்பாலான கற்கள் கனசதுரத்தை ஒட்டிய வடிவிலும் சொரசொரப்பான முகங்களோடும் இருந்தன. தட்டையான கற்களும் நீண்ட கற்களும் சேர்ந்து 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383 வரையறுக்கிறது. என் பார்வையில் அது தாராளமான வரம்பு. அத்தகைய கற்கள் மிகுந்தால் கலவை இளகக் கூடுதல் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும், தண்ணீர் கூடினால் வலிமை குறையும். கம்பிகள் நெருங்கியிருக்கும் தூண், உத்திரச் சந்திப்புகளுக்காக வாங்கிய 12 மி.மீ. ஜல்லியில் மட்டும் குவியலின் அடிப்பகுதியில் தூசி படிந்திருந்ததால், கழுவியே பயன்படுத்தினோம்.

எம்-சாண்டைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 75 மைக்ரானுக்கும் நுண்ணிய தூள் இயற்கை மணலில் 3 விழுக்காடு வரையும், கல்லை உடைத்துச் செய்த மணலில் 15 விழுக்காடு வரையும் இருக்கலாம் என்பது விதி. இங்கு கிடைத்தது உள்ளங்கையில் தேய்த்தபோது மாவாக ஒட்டவில்லை. ஆனால் ஈரமாக வந்திறங்கியது. ஈர மணல் உப்பி நிற்கும் என்பதால், 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் வாங்குபவருக்கு உண்மையான அளவு குறைந்துவிடும். கண்ணாடிக் குடுவையில் மணலை நிரப்பி, தண்ணீரில் மூழ்கடித்து, அது எவ்வளவு இறங்குகிறது என்று காட்டியதும், கடைக்காரர் மறுப்பின்றி அந்தக் குறைவை விலையில் கழித்துக்கொண்டார்.

பூச்சு வேலைக்கான பி-சாண்டைக் கான்கிரீட்டுக்குக் கேட்ட மற்றொரு வாடிக்கையாளருக்கு அவர் தர மறுத்ததையும் கண்டேன். உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால் முகத்துவார மணலை அவர் விற்பதேயில்லை. கெடிலமும் பெண்ணையாறும் கடலில் கலக்கும் ஊரில் இது பாராட்டத்தக்க கண்டிப்பு. அடித்தளத்தின் கீழ் இடும் கான்கிரீட்டுக்கான 40 மி.மீ. ஜல்லி மட்டும் இங்கு இருப்பில் இல்லை. அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள்.