ஃப்ரீகேட் 1.0: 22 ஆண்டுகள் கழித்து வந்த முதல் எண்

2002-இல் முதன்முதலாக வெளியான ஃப்ரீகேட் என்னும், பொருள்களைக் கணினியில் வடிவமைக்க உதவும் மென்பொருள், 1.0 என்ற பதிப்பு எண்ணை எட்டியது 2024 நவம்பரில்தான். அதுவரை 0.19, 0.20, 0.21 என்று சுழியத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. கட்டணமே இல்லாத, மூல நிரல் திறந்திருக்கிற ஒரு கருவியைத் தேடி வருபவருக்கு இந்த எண் விளையாட்டு முக்கியமாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் அந்தத் தாமதத்துக்கான காரணம்தான், இதை நம்பி வேலையை ஒப்படைக்கலாமா என்ற கேள்விக்கும் விடை சொல்கிறது.

யூர்கன் ரீகல் தொடங்கி, வெர்னர் மேயர் உடன் சேர்ந்து வளர்த்த திட்டம் இது. கனவடிவங்களின் கணிதத்தைச் செய்யும் உட்கருவை ஒரு சிலர் ஓய்வு நேரத்தில் எழுதிவிட முடியாது. பிரான்சின் மாத்ரா டேட்டாவிஷன் நிறுவனம் தன் உட்கருவை 1999-இல் ஓப்பன் கேஸ்கேட் என்ற பெயரில் திறந்துவிட்டிருந்ததால்தான் இந்த முயற்சியே சாத்தியமானது. அதன் மேல் திரை இடைமுகத்துக்கு க்யூட்டி, முப்பரிமாணக் காட்சிக்குக் காயின், கட்டளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழி என்று ஏற்கெனவே இருந்தவற்றை அடுக்கினார்கள். கட்டடக் கலைஞரான யோரிக் வான் ஹாவ்ரே வந்த பிறகு, இயந்திர பாகங்களுக்கு அப்பால் கட்டட வரைபடங்களின் பக்கமும் மென்பொருள் விரிந்தது.

இத்தனை இருந்தும் அனுபவசாலிகள் தயங்கியதற்கு ஒரு குறை போதுமானதாக இருந்தது. ஒரு செவ்வகத்தை வரைந்து 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு இழுத்தால் ஆறு முகங்கள் கொண்ட கட்டி கிடைக்கிறது. பக்கங்கள் நான்குக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண், அடிப்பக்கம் ஐந்து, மேற்பக்கம் ஆறு. மேற்பக்கத்தில் ஒரு துளை போடுகிறோம். துளை தன் இருப்பிடத்தை ‘ஃபேஸ்6’, அதாவது ஆறாம் முகம், என்றே குறித்துவைத்துக்கொள்கிறது. பிறகு ஒரு மூலையை வெட்டி, செவ்வகத்தை ‘எல்’ வடிவமாக மாற்றினால் பக்கங்கள் ஆறாகின்றன, மேற்பக்கம் எட்டாம் எண்ணுக்குப் போய்விடுகிறது, துளையோ ஆறாம் எண்ணைத் தேடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கச் சுவருக்குப் போய் நிற்கிறது. தெருவில் கதவிலக்கங்களை மாற்றியது தெரியாமல் பழைய இலக்கத்தோடு வந்த தபாலின் கதிதான். இதை இடவியல் பெயரிடல் சிக்கல் என்பார்கள். எந்த அளவை வேண்டுமானாலும் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்பதே இவ்வகை மென்பொருளின் அடிப்படை வாக்குறுதியாக இருக்கையில், திருத்தப் பயப்பட வைக்கிற கருவியை யார் முழுமையானது என்று சொல்வார்கள்? முகங்களைத் தொடாமல், தனியே அமைத்த துணைத் தளங்களின் மீது மட்டும் வரையும்படி பழைய பயனர்கள் புதியவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.

1.0 இந்தச் சிக்கலை நேராக எதிர்கொள்கிறது. ஒவ்வொரு முகத்துக்கும் விளிம்புக்கும் வெறும் வரிசை எண்ணோடு நில்லாமல், அது எந்த வரைவின் எந்தக் கோட்டிலிருந்து, எந்தச் செயலால் பிறந்தது என்ற வம்சாவளியும் உடன் பதிவாகிறது. தனிக் கிளை ஒன்றில் பல ஆண்டுகள் வளர்ந்த நிரலைத் துண்டு துண்டாக முதன்மைத் திட்டத்துக்குள் கொண்டுவந்த உழைப்பு அது. மேலே சொன்ன துளை இப்போது தன் இடத்திலேயே இருக்கும். சிக்கல் தணிந்திருக்கிறதே தவிர, அடியோடு ஒழிந்துவிடவில்லை. நாம் சுட்டிய விளிம்பே திருத்தத்தில் மறைந்துவிட்டால் அடுத்த படிகள் முறியத்தான் செய்யும். அது நியாயமான தோல்வி என்பது என் கருத்து.

பாகங்களை ஒன்றுசேர்க்க அசெம்பிளி2, ஏ2ப்ளஸ், அசெம்பிளி3, அசெம்பிளி4 என்று வெளியிலிருந்து வந்த நீட்சிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று இதுவரை திகைக்க வேண்டியிருந்தது. இப்போது மென்பொருளிலேயே ஒரு தொகுப்புப் பணிமேடை இருக்கிறது (ஒரு வகை வேலைக்கான கருவிகளை ஒருங்கே வைத்திருக்கும் பகுதியைப் பணிமேடை என்கிறார்கள்). பாகங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று கணக்கிடும் அதன் தீர்வுக் கருவி, ஃப்ரீகேடை நம்பித் தொழில் தொடங்கிய ஆன்ட்செல் என்ற நிறுவனத்தின் பெயரைத் தாங்குகிறது. நிறுவனம் 2024-இலேயே கடையை மூடிவிட்டது, நிரல் மட்டும் தங்கிவிட்டது. திறந்த மூலத்தின் வழக்கமே அப்படித்தான்.

தட்டையான கோட்டு வடிவங்களை வரையும் வரைவுப் பணிமேடையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. கோடுகளுக்கு நீளம், இணை, செங்குத்து என்று கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கக் கொடுக்க, இன்னும் எத்தனை வழிகளில் வடிவம் அசையக்கூடும் என்ற எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, சுழியமானதும் கோடுகள் பச்சையாகின்றன. அந்தப் பச்சையைக் காணாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்ற ஒழுக்கம் இரண்டே நாளில் படிந்துவிடும்.

விளிம்புகளை வளைவாக மழுக்கும் ஃபில்லெட் வேறு கதை. ஆரம் பெரிதாகி அண்டை விளிம்பு முழுவதையும் விழுங்க நேர்ந்தால் உட்கரு கைவிரித்துவிடுகிறது. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் 4.99 ஏற்கும், 5 ஏற்காது என்ற வகையான பிடிவாதம். ஃபில்லெட்டைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்வது நல்லது. ‘பார்ட்’, ‘பார்ட் டிசைன்’ என்று இரண்டு பணிமேடைகள் ஏறக்குறைய ஒரே வேலையை வெவ்வேறு தத்துவங்களில் செய்வதும் புதியவரைக் குழப்பும். பாகங்களை வடிவமைக்க வந்தவர் இரண்டாவதிலேயே தொடங்கலாம். ஆட்டோகேட் மென்பொருளின் வரைபட வடிவமான டிடபிள்யூஜி கோப்புகளைத் திறக்கத் தனியான மாற்றி ஒன்றை நிறுவ வேண்டும். அன்றாடம் அவ்வகைக் கோப்புகளைக் கொடுத்து வாங்குபவருக்கு ஃப்ரீகேடை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றவர்கள், குறிப்பாகக் கற்பவர்களும் சிறு பட்டறைக்காரர்களும், தயங்காமல் நிறுவலாம். பட்டியில் பெரும்பாலான பொத்தான்களை அழுத்தும்போது அதற்கு இணையான பைத்தான் வரி கன்சோல் என்ற கட்டளைச் சாளரத்தில் வந்து விழுகிறது. அதை நகலெடுத்துச் சிறிது மாற்றினால் நூறு அளவுகளில் ஒரே திருகைச் செய்துகொள்ளலாம். சேமித்த கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே டாக்குமென்ட் என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நாம் கொடுத்த 10 மில்லிமீட்டர் உயரம் அதில் எந்தப் பூட்டும் இல்லாமல், வெறும் எழுத்தாகக் கிடக்கிறது.