1947-இலிருந்து கணக்குப் பார்க்க ஒரு நல்ல இடம்

மகளின் எம்.ஏ. கட்டுரைக்காக ஆர்.கே. புரம் வீட்டில் உட்கார்ந்து மத்திய பட்ஜெட் இணையதளத்தைத் திறந்தேன். ராத்திரி இரண்டு மணிவரை மூட மனம் வரவில்லை. நம்ம கோயம்புத்தூர்க்காரர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26 அன்று படித்த முதல் பட்ஜெட் உரையே அங்கே இருக்கிறது! சுதந்திரத்திலிருந்து மார்ச் வரையான ஏழரை மாதத்துக்கு மொத்தச் செலவு 197.39 கோடி ரூபாய். அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி. பிரிவினையின் சூடு அந்த எண்ணிலேயே தெரிகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரே ஆண்டுக்கு மூன்று தொகை உண்டு: ஆண்டுக்கு முன் போடும் பட்ஜெட் மதிப்பீடு, ஆண்டின் நடுவே மாற்றும் திருத்திய மதிப்பீடு, கணக்கு முடிந்தபின் வரும் உண்மைச் செலவு. கடைசியது இரண்டு வருஷம் தள்ளித்தான் வரும். 2015-16இல் நிஜமாகவே எவ்வளவு செலவானது என்று அறிய 2017-18 ஆவணத்தைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் மதிப்பீட்டையே செலவென்று எழுதிவிட்டு, அட்டவணை முழுவதையும் மகள் திரும்பப் போட்டாள்.

2017-18இல் திட்டச் செலவு (ஐந்தாண்டுத் திட்டங்களுக்கானது), திட்டம் சாராச் செலவு (மற்றவை) என்ற பிரிவும் போய்விட்டது. ரயில்வே பட்ஜெட்டும் பொது பட்ஜெட்டோடு சேர்ந்தது. அந்த ஆண்டைத் தாண்டி ஒப்பிடுகிறவர்கள் வருவாய்ச் செலவு (சம்பளம், வட்டி போன்ற அன்றாடச் செலவு), மூலதனச் செலவு (சாலை, கட்டடம் போன்ற சொத்துகளுக்கானது) என்ற பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீண்ட வரிசை ஒரே இடத்தில் வேண்டுமா? ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேடு இருக்கிறது. இணையதளம், கையேடு இரண்டுமே இலவசம்.