கப்பல் பாரில் மொத்தமாகக் கட்டுவதா, கோப்பைக்குக் கோப்பை கட்டுவதா?

சொகுசுக் கப்பலில் இடம் பிடித்த சில நாளிலேயே மின்னஞ்சல் வரத் தொடங்கும்: டிரிங்க்ஸ் பேக்கேஜ் (நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவிட்டுக் கப்பல் பாரில் குடிக்கும் திட்டம்), இந்த வாரம் மட்டும் 40 சதவீதம் தள்ளுபடி. கட்டணத்தில் தங்கல் சேர்த்தி, மூன்று வேளைச் சாப்பாடு சேர்த்தி, நீச்சல் குளமும் இரவு நிகழ்ச்சிகளும் சேர்த்தி. பார் மட்டும் தனிக் கணக்கு. அதை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டுவதா, குடிக்கக் குடிக்கக் கட்டுவதா என்பதில்தான் குழப்பம்.

ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் காகிதத்தில் கணக்குப் போட்டால், ஒருவர் குடிப்பவர், மற்றவர் பேருக்குக் குடிப்பவர் என்கிற தம்பதிக்கு விடை எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். இருவருமே நன்றாகக் குடிப்பவர்கள் என்றால்கூட, எந்த விலைக்குக் கீழே வாங்கலாம் என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தள்ளுபடி மின்னஞ்சல் வருவதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போகும் ராயல் கரீபியன் கப்பல், 7 இரவு. இந்த நிறுவனத்தில் மூன்று பேக்கேஜ்கள். மதுவும் மற்ற பானங்களும் அடங்கிய டீலக்ஸ், மது இல்லாத ரெஃப்ரெஷ்மென்ட், வெறும் கோலா வகைகளுக்கான சோடா பேக்கேஜ். டீலக்ஸின் விலை கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 டாலரும் இருக்கலாம், 110 டாலரும் இருக்கலாம். அதன் மேல் 18 சதவீதம் டிப்ஸ். 7 இரவு என்றால் 7 நாள் கட்டணம். விரும்பும் நாளுக்கு மட்டும் வாங்க முடியாது.

முதலில், காசே கொடுக்காமல் கிடைப்பவை. குடிநீர், ஐஸ், சாதாரண காபி, டீ, பால், எலுமிச்சைச் சாறு, ஐஸ் டீ, காலை உணவு நேரத்தில் பழச்சாறு. இவை பஃபே கூடத்தில் தாராளமாகக் கிடைக்கும். கப்பலின் குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது அல்லது துறைமுகத்தில் ஏற்றியது, குடிக்க ஏற்றது. பேக்கேஜ் விற்பவர்கள் பாட்டில் தண்ணீர் வரம்பில்லாமல் கிடைக்கும் என்று சொல்லும்போது, வீட்டில் பாட்டில் தண்ணீர் வாங்காதவர் அதைத் தன் கணக்கில் வரவாக எழுதக் கூடாது. காலி பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டால் போதும்.

இனி மதுவுக்கு வருவோம். தோராய விலைகள் இவை: பீர் 8.50 டாலர், ஒயின் ஒரு கிளாஸ் 12, காக்டெய்ல் 14. தனித்தனியாக வாங்கினாலும் இதே 18 சதவீதம் டிப்ஸ் தானாக ஏறும். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். பேக்கேஜுக்கு டிப்ஸ் இல்லாத விலையையும், தனிக் கோப்பைக்கு டிப்ஸோடு சேர்ந்த விலையையும் எடுத்துக்கொண்டு ஒப்பிடுகிறார்கள். பேக்கேஜ் மலிவாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே சதவீதம் என்பதால் டிப்ஸை இரண்டிலும் விட்டுவிட்டே கணக்குப் போடலாம்.

பேக்கேஜ் நாளைக்கு 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காக்டெய்ல் மட்டும் குடித்தால் ஆறாவது கிளாஸில்தான் காசு திரும்பும். ஒயின் என்றால் ஏழாவது. பீர் என்றால் பத்தாவது. அதுவும் ஒரு நாள் அல்ல, ஏழு நாளும்.

ஏழு நாளும் என்பதில்தான் சூட்சுமம். கப்பல் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏறும் நாளில் பெட்டி, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முடிந்து கையில் கிளாஸ் வரும்போது பிற்பகல் ஆகிவிடும். கொசுமெல் போன்ற துறைமுகத்தில் நிற்கும் நாளில் காலையில் இறங்கி மாலையில்தான் திரும்புவீர்கள். கரையில் இருக்கும் பாரில் கப்பல் பேக்கேஜ் செல்லாது. கப்பல் நாள் முழுக்கக் கடலில் ஓடும் நாட்களில்தான் பாருக்கு வேலை.

இதை எண்ணில் பார்க்கலாம். 7 நாளில் ஏறும் நாள் ஒன்று, துறைமுக நாள் மூன்று, கடல் நாள் மூன்று. நன்றாகக் குடிக்கும் ஒருவர் கடல் நாளில் 7 கிளாஸ், துறைமுக நாளில் 3, முதல் நாளில் 4 என்று வைத்தால் மொத்தம் 34. பீரும் ஒயினும் காக்டெய்லும் கலந்து சராசரி 12 டாலர் என்றால் 408 டாலர். தினமும் ஒரு லாட்டே 5 டாலருக்கு, ஒரு பாட்டில் தண்ணீர் 3.50 டாலருக்கு என்று தாராளமாகச் சேர்த்தால் இன்னொரு 59.50. ஆக 467.50. பேக்கேஜ் 560. கடலில் ஒரு நாளைக்கு ஏழு கிளாஸ் போடுகிறவருக்கே 92.50 டாலர் நஷ்டம். 467.50ஐ ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட 66.80. இவருடைய எண் அதுதான். தள்ளுபடியில் 66 டாலருக்குக் கிடைத்தால் வாங்கலாம். 70 என்றால், 50 சதவீதம் தள்ளுபடி என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் விட்டுவிடலாம். அந்தச் சதவீதத்தைவிட, கடைசியாகத் திரையில் நிற்கும் நாள் விலைதான் பேசும்.

அறைவிதி

தம்பதிகளின் கணக்கைக் கவிழ்ப்பது இந்த விதி. ஒரு கேபினில் மது அருந்தும் வயதுள்ள ஒருவர் டீலக்ஸ் வாங்கினால், அதே கேபினில் அந்த வயதுள்ள எல்லோரும் வாங்க வேண்டும். ஒருவர் வாங்கி இருவர் குடிப்பதைத் தடுக்கத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள்.

மேலே பார்த்த 34 கிளாஸ்காரரின் துணை, இரவு உணவோடு ஒரு கிளாஸ் ஒயினும் காலையில் ஒரு லாட்டேயும் குடிப்பவர் என்றால் அவருடைய வாரச் செலவு 119 டாலர். இருவருக்கும் சேர்த்து 586.50. பேக்கேஜ் இரண்டு வாங்கினால் 1,120. வித்தியாசம் 533.50, டிப்ஸோடு 630 டாலர் அநியாயமாகப் போகும். அந்தப் பணத்தில் நல்ல கரைச் சுற்றுலாக்கள் சில போய்வரலாம்.

கர்ப்பம், மருத்துவக் காரணம், மத நம்பிக்கை போன்றவற்றால் குடிக்கவே முடியாதவர் கேபினில் இருந்தால் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பார்க்கலாம். பொதுவாக அவருக்கு டீலக்ஸுக்குப் பதிலாக ரெஃப்ரெஷ்மென்ட் பேக்கேஜைப் போட்டுத் தருவார்கள். இணையத்தில் தானாக வாங்கும்போது இந்த வசதி தெரியாது.

சிங்கப்பூரின் மரினா பே முனையத்திலிருந்து ஏறும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் கப்பலில் மது வயது 21. சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால் 18. அம்மா, அப்பா, கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை என மூவரும் ஒரே கேபின் என்றால், அப்பாவின் பீர் ஆசைக்கு மூன்று பேக்கேஜ் கட்டவேண்டி வரலாம். சிங்கப்பூரிலிருந்து போகும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் பினாங்கு, புக்கெட் என்று இறங்கிவிட்டால் முழுக்கக் கடலில் கழியும் நாள் ஒன்றுதான் மிஞ்சும். அப்படிப்பட்ட பயணத்துக்கு டீலக்ஸ் எந்தக் கணக்கிலும் நிற்காது. பில் அமெரிக்க டாலரில் வருவதால், இந்திய கார்டில் கட்டுபவர்கள் வங்கி போடும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாங்கியபிறகு எங்கே இடிக்கும்

டீலக்ஸ் என்றால் எல்லாம் என்று நினைத்து ஏறுபவர்கள் முதல் நாளே பில்லைப் பார்த்துத் திகைப்பார்கள். ஒரு கோப்பைக்கு 14 டாலர் வரைதான் பேக்கேஜ் தாங்கும். 17 டாலர் விஸ்கி கேட்டால் மீதி 3 டாலரும் அதன் மேல் 18 சதவீதமும் கணக்கில் ஏறும். விலைப் பட்டியலைப் பார்க்காமல் "நல்லதா ஒண்ணு குடுங்க" என்று கேட்பவருக்கு வாரக் கடைசியில் ஒரு சிறு தொகை சேர்ந்திருக்கும். கப்பலில் இருக்கும் ஸ்டார்பக்ஸ் கடை இதில் சேராது. மற்ற காபிக் கடைகளின் லாட்டே, கப்புச்சினோ சேரும். மினிபார், அறைக்கு வரவழைக்கும் பானம், நினைவுப் பொருளாகத் தரும் கோப்பை இவையும் வெளியே. ஒயின் கிளாஸாகத்தான் வரும்; 100 டாலருக்குள் இருக்கும் பாட்டிலுக்கு 40 சதவீதம் தள்ளுபடி உண்டு. நிறுவனத்தின் சொந்தத் தீவான கோகோகேயில் பேக்கேஜ் செல்லும் என்பது நல்ல செய்தி. அந்தத் துறைமுக நாளைக் கிட்டத்தட்டக் கடல் நாளாகவே கணக்கில் எழுதலாம்.

பகிர்ந்து குடிப்பதை மறந்துவிடுங்கள். கார்டைத் தட்டியதும் பார் ஊழியர் முன்னால் முகப்படம் தோன்றும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பைதான். பிடிபட்டால் பணம் திரும்பாமல் பேக்கேஜ் ரத்தாகும்.

மது தொடாதவர்கள் ரெஃப்ரெஷ்மென்டைப் பார்த்து ஆசைப்படுவார்கள். நாளைக்கு 30 டாலரை ஒட்டி இருக்கும். ஒரு லாட்டே 5, இரண்டு மாக்டெய்ல் (மது கலக்காத காக்டெய்ல்) 18, ஒரு கோலா 4, ஒரு தண்ணீர் பாட்டில் 3.50, இவ்வளவும் ஒரே நாளில் இறங்கினால்தான் ஈடாகும். மாக்டெய்ல் பிரியர் இல்லையென்றால் வேண்டாம். குழந்தைகளுக்குச் சோடா பேக்கேஜ் வேறு விஷயம்: நாளைக்கு 13 டாலர் என்றால் நான்காவது கோலாவில் லாபம், கோப்பையை இயந்திரத்தில் வைத்துத் தானே பிடித்துக்கொள்ளலாம். அத்தனை கோலா தேவையா என்பது பெற்றோர் பாடு.

மற்ற நிறுவனங்கள்

கார்னிவலின் சியர்ஸ் பேக்கேஜில் 20 டாலர் வரையிலான பானங்கள் அடங்கும். காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை மது 15 கோப்பை என்று வரம்பு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி. அமெரிக்கக் கணக்கில் ஒரு நிலையான அளவு மது என்பது 14 கிராம் ஆல்கஹால். அதாவது 355 மில்லி பீர். பதினைந்து என்றால் 210 கிராம். இந்த வரம்பு போதாதே என்று கவலைப்படுகிறவர் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றைப் பற்றி. அறைவிதி இங்கேயும் உண்டு.

நார்வீஜியன் நிறுவனம் கட்டணத்தோடு பாரை இலவசமாகச் சேர்த்துத் தருவதாகச் சொல்லி நெடுநாள் விற்றது. இலவசம் என்றாலும் பட்டியல் விலையில் 20 சதவீதம் டிப்ஸ் கட்ட வேண்டும். நாளைக்கு 109 டாலர் என்ற பட்டியல் விலைக்கு 21.80, 7 இரவுக்கு ஒருவருக்கு 152.60. மிதமாகக் குடிப்பவருக்கு இந்த அமைப்புதான் ஒத்துவரும், ஏனென்றால் டிப்ஸை மட்டும் பார்த்தால் நாளைக்கு இரண்டு கோப்பையிலேயே ஈடுகட்டிவிடலாம். ஆனால் அடிப்படைச் சலுகையில் பாட்டில் தண்ணீரும் ஸ்பெஷல் காபியும் வராது. பார் சேர்ந்த கட்டணத்தையும் சேராத கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வித்தியாசத்தோடு 152.60ஐக் கூட்டினால் வருவதுதான் இந்த இலவசத்தின் உண்மை விலை.

டிஸ்னி கப்பலில் வரம்பில்லா மதுப் பேக்கேஜ் கிடையாது. கோலா வகைகள் சாப்பாட்டு நேரத்திலும் மேல்தளத்திலும் சும்மா கிடைக்கும். வர்ஜின் வாயேஜஸிலும் மதுப் பேக்கேஜ் இல்லை. அங்கே முன்பணமாக ஒரு தொகை கட்டி வைத்தால் குடிக்கக் குடிக்கக் கழியும். குறைவாகக் குடிப்பவருக்கு இவை நேர்மையான ஏற்பாடுகள்.

கையோடு கொண்டுபோவது

பேக்கேஜுக்கு உண்மையான எதிராளி பாரின் விலைப் பட்டியல் அல்ல, நீங்கள் கொண்டுபோகும் ஒயின். ராயல் கரீபியனிலும் கார்னிவலிலும் ஏறும் நாளில் 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் 750 மில்லி ஒயின் ஒரு பாட்டில் கைப்பையில் கொண்டுபோகலாம். கேபினில் திறந்தால் கட்டணம் இல்லை. உணவகத்தில் திறக்கச் சொன்னால் பாட்டிலுக்கு 15 டாலர். ஒரு பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். இருவர் இரண்டு பாட்டில் கொண்டுபோனால் பத்து கிளாஸ். மேலே சொன்ன துணையின் ஏழு கிளாஸ் இதிலேயே முடிந்துவிடும். பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பினால் ஸ்கேனில் சிக்கிப் பெட்டி தாமதமாக வரும்.

கோலா, தண்ணீர் விதி இரண்டிலும் வேறு. ராயல் கரீபியனில் கேபினுக்கு 12 கேன் அல்லது சிறு பாட்டில். கார்னிவலில் ஆளுக்கு 12 கேன், 355 மில்லிக்கு மிகாமல், பாட்டில் கூடாது. விஸ்கி, ரம் இரண்டிலும் அனுமதி இல்லை. துறைமுகக் கடையில் வாங்கும் பாட்டிலைக் கப்பலேறும்போது வாங்கி வைத்துக்கொண்டு பயண முடிவில்தான் திருப்பித் தருவார்கள்.

ராயல் கரீபியனில் டயமண்ட் தகுதி பெற்ற பழைய வாடிக்கையாளர்களுக்கு நாளைக்கு நான்கு பானம் இலவசம். அவர்கள் பேக்கேஜ் பக்கமே திரும்ப வேண்டியதில்லை.

எல்லாம் பார்த்துவிட்டு வாங்குவதென்று முடிவானால், கப்பலேறிய பிறகு வாங்காதீர்கள். முன்பதிவு விலைதான் பெரும்பாலும் குறைவு. உங்கள் எண்ணுக்குக் கீழே வந்த அன்றே வாங்கிவிடுங்கள். பிறகு இன்னும் இறங்கினால் பழையதை ரத்து செய்து புதிய விலையில் வாங்கலாம். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு வரை முழுப் பணமும் திரும்பும். கப்பலுக்குள் மட்டும் செல்லும் பணச் சலுகை உங்கள் கணக்கில் இருந்தால் அதைக் கோப்பைக்குக் கோப்பை செலவழிப்பதே நல்லது.

பேக்கேஜ் இருந்தும் சில கோப்பைகள் முழு விலையில் பதிவாவது உண்டு. கப்பல் நிறுவனத்தின் செயலியில் தினமும் கணக்கைப் பார்த்து, தவறு இருந்தால் கடைசி இரவுக்கு முந்தைய நாளே வரவேற்பு மேசைக்குப் போய்விடுங்கள். இறங்கும் நாள் காலையில் அங்கே வரிசை படிக்கட்டு வரை நிற்கும்.