வெப்சைட் பண்ணித்தர ஆள் தேடுறவங்க இதைப் படிச்சிட்டு காசு குடுங்க

கோத்தகிரில மூணு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறோம். புக்கிங் சைட்டுக்கு கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட குடுத்தேன், பேசினது 35,000, அதுல 27,000 குடுத்தாச்சு. பேர் போடல, வம்பு வேணாம்.

போன மே மாசம் சீசன் நேரம். திருப்பூர் குடும்பம் ஒண்ணு போன்ல கேன்சல் பண்ணாங்க, நான் அந்த புக்கிங்கை டெலீட் பண்ணிட்டேன். அப்புறம் அவங்களுக்கே மனசு மாறி, வாட்சப்ல கிடந்த பழைய லிங்கை திறந்து பாத்திருக்காங்க, மேல பச்சைல "கன்ஃபர்ம்ட்"னு வந்திருக்கு, அதை மட்டும் பாத்துட்டு, 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கு கட்டாயமாக்கின இ-பாஸையும் எடுத்துக்கிட்டு, மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஏறி ராத்திரி ஒம்பது மணிக்கு மூடுபனில கைக்குழந்தையோட வாசல்ல நிக்கறாங்க. எனக்கு மூணு ரூமும் ஃபுல்.

போனை வாங்கி பாத்தா அதுல இருக்கற பேரு, போன் நம்பர் எல்லாம் எங்க முதல் கெஸ்ட் பெங்களூர் அம்மாவோடது! பக்கத்து வீட்டு மாடில அவங்களை படுக்க வச்சேன், அது வேற கதை.

அக்கா பையன் சைட்டோட புரோகிராமை (code) திறந்து பாத்தான், லிங்க்ல இருக்கற புக்கிங் நம்பர் (ஐடி) கிடைக்கலன்னா டேட்டாபேஸ் பட்டியல்ல முதல்ல இருக்கற புக்கிங்கை எடுத்து காட்டுன்னு சைட் பண்ணவரு எழுதி வச்சிருக்காரு. கேட்டா, "எரர் பேஜ் வந்தா சைட் அசிங்கமா இருக்கும்ங்க". அடப்பாவி! அடுத்தவங்க நம்பரை ஊருக்கே காட்டுறது அழகாங்க? அப்புறம் சரி பண்றேன்னு எல்லாத்தையும் ஹோம் பேஜுக்கு திருப்பி விட்டாரு, அதுவும் தப்புதான், ஏன் அங்க வந்தோம்னே கெஸ்டுக்கு புரியாது, கூகுளும் அதை சாஃப்ட் 404ன்னு, அதாவது 'பக்கம் இல்ல'ன்னு (404) சொல்லாம மழுப்புற பக்கம்னு தான் எடுத்துக்கும். இந்த சைட்டை எழுதின லாராவெல்ங்கற புரோகிராம் கருவில, தேடி எடுக்கற ஃபைண்ட் (find)ங்கற கட்டளையை ஃபைண்ட்ஆர்ஃபெயில் (findOrFail)னு மாத்தினாலே சர்வர் நேரா 404 சொல்லிடும். அதோட "இந்த புக்கிங் இப்ப இல்ல, இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு தமிழ்ல ஒரு பக்கம். பையன் அரை மணி நேரத்துல முடிச்சிட்டான்.

நீங்க முழு காசு குடுக்கறதுக்கு முன்னாடி லிங்க் கடைசில 99999னு அடிச்சு பாருங்க. வேற யார் விவரமாவது வந்தா நிறுத்துங்க. இல்ல கலர் கலரா புரோகிராம் வரிகள் வந்து நின்னா, தப்பு கண்டுபிடிக்க வச்சிருக்கற டீபக் (debug) வசதியை ஆன்லயே விட்டிருக்காங்கன்னு அர்த்தம், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கூட அதுல வெளிய தெரிய வாய்ப்பு இருக்கு.

பாக்கி 8,000 எப்போன்னு இன்னைக்கு காலைலயும் மெசேஜ் வந்துது அவர்கிட்ட இருந்து.