பழைய ராக் குழு மீண்டும் சேர்ந்தால்: ஒரே அறையில் பதிவா, வீட்டிலிருந்து கோப்புகளா?

இருபது, முப்பது வருடம் கழித்துக் கூடும் குழுவில் முதல் சண்டையே இதுதான்: எல்லோரும் ஒரே ஸ்டுடியோ அறையில் சேர்ந்து வாசிப்பதா, ஆளாளுக்கு வீட்டில் பதிந்து கோப்பாக அனுப்புவதா.

செலவு
அறை: ஸ்டுடியோ வாடகை, பயணம், ஒலிப்பொறியாளர்.
வீடு: ஆளுக்கொரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிதாரைக் கணினியோடு இணைக்கும் கருவி), மைக், மூடிய ஹெட்ஃபோன். டிரம்ஸுக்கு மட்டும் பெரும்பாலும் ஸ்டுடியோதான்.

தாளம்
அறை: டிரம்மரும் பாஸ்காரரும் முகம் பார்த்து வாசிப்பதால் கோரஸில் வேகம் லேசாக ஏறும், ராக்குக்கு அது அழகு. ஆனால் கிதார் பிசகினால் அந்த ஒலி டிரம் மைக்கிலும் புகுந்திருக்கும், தனியாக வெட்ட முடியாது. கிதாரின் ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) அடுத்த அறைக்குத் தள்ளுங்கள்.
வீடு: கிளிக் டிராக் (ஹெட்ஃபோனில் சீராக ஒலிக்கும் தாளத் தட்டு) இல்லாமல் தொடங்கவே கூடாது. 1994–95இல் பீட்டில்ஸின் மூவர், மறைந்த சக உறுப்பினர் ஜான் லெனனின் பழைய கேசட் பதிவின் மேல் வாசித்தபோது, அதன் அலையும் தாளத்தைச் சீராக்குவதே பெரும்பாடாயிற்று. எல்லோரும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பை, பாட்டின் பூஜ்ஜியப் புள்ளியிலிருந்தே அனுப்ப வேண்டும். ஒருவர் 44.1இல் அனுப்பி, அது மாற்றப்படாமல் 48இல் ஓடினால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைசுரம் (செமிடோன்) உயரும், வேகமும் கூடும்.

உடல்
அறை: 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு என்றால், 94இல் ஒரே மணி நேரம். காதடைப்பான் கட்டாயம்.
வீடு: குரல் திறக்கும் நாளில் பாடிக்கொள்ளலாம்.

புதிய பாட்டு இன்னும் உருவாகவில்லையா? அறை. பாட்டு தயார், ஆட்கள்தான் வெவ்வேறு ஊரிலா? கோப்பு. எதுவானாலும் பாடகருக்காகக் கிதாரை அரைசுரம் இறக்குவதைப் பதிவுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். கம்பி தொளதொளத்தால் 10 கனக் கம்பிக்குப் பதில் சற்றுத் தடித்த 11 செட்.