காலை ஸ்டார்ட்டில் சத்தம்: சர்வீஸ் சென்டரா, பம்ப் கடையா, ஊர் மெக்கானிக்கா?

டீசல் கார் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் சத்தம் போட்டால் யாரிடம் காட்டுவது? ராயக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்களுக்கு மூன்று வழி. கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ போய் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடலாம். டீசல் பம்ப்பையும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலையும் பார்க்கும் கடைக்குப் போகலாம். இல்லையென்றால் ஊர் மெக்கானிக். போன மார்கழியில் என் வண்டிக்கு இந்தக் கேள்வி வந்தது. சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டுக் கடைசியில் ஊர் மெக்கானிக்கிடம்தான் வேலையைக் கொடுத்தேன். யார் கேட்டாலும் அவரிடமே முதலில் போகச் சொல்வேன்.

சில சத்தங்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். சாவியைத் திருப்பியதும் ‘டக் டக்’ மட்டும் வந்தால் முதலில் பேட்டரி, டெர்மினல். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். செல்ஃப் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி எஞ்சின் அசையவில்லை என்றால், செல்ஃபை எஞ்சினோடு கோர்க்கும் பல்சக்கரமான பெண்டிக்ஸ். ஸ்டார்ட் ஆனதும் கீச்சென்றால் பெல்ட். இதெல்லாம் எந்த ஆட்டோ எலக்ட்ரீசியனும் பார்த்துவிடுவார்.

குழப்புவது, எஞ்சின் பிடித்ததும் இரண்டு மூன்று நொடி கடகடத்துவிட்டு அடங்கும் சத்தம்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்புக்கு இறங்கியிருக்கும். பிரஷர் ஏறி, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கும், வால்வைத் திறக்கும் டப்பெட்டுக்கும் ஆயில் போய்ச் சேரும்வரை அவை தளர்ந்து ஆடும். டீசல் நாக்கிங் வேறு. குளிர்ந்த எஞ்சினில் தெளித்த டீசல் உடனே பற்றாமல், சற்றுத் தாமதித்து மொத்தமாகப் பற்றும்போது ‘டக டக’ என்று அடிக்கும். இது கொஞ்ச நேரம் நீடிக்கும். கூடவே வெள்ளைப் புகை வந்தால் ஹீட்டர் பிளக்கையோ நாசிலையோ பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று: எஞ்சின் சூடானால் சத்தம் குறைந்துவிடும், பெரும்பாலும் மறைந்தே போகும். ஆகவே யாரிடம் என்ன கருவி இருக்கிறது என்பதைவிட, குளிர்ந்த எஞ்சினை யார் கேட்கப்போகிறார் என்பதுதான் முக்கியம். ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடாகிவிடும். அங்கே சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினார்கள், பிழையைக் காட்டும் கோடு (code) எதுவும் இல்லை, ‘நார்மல்’ என்றார்கள். செயின் நீண்டு டைமிங் விலகும் அளவுக்குப் போனால்தான் கோடு விழும். சத்தம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். போனில் பதிவு செய்து கொண்டுபோவதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. எல்லாச் சத்தமும் தகரச் சத்தமாகவே கேட்கிறது.

ஊர் மெக்கானிக் சொன்னது இதுதான்: “அண்ணே, நைட்டு வண்டியை எடுக்காதீங்க. காலையில நான் வந்து பாக்கறேன்.” விடியும்போது வந்தார். பானெட்டைத் திறந்து ஆயில் அளவைப் பார்த்தார். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை டைமிங் கவரில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நாசில் இல்லை, செயின் பக்கம் என்றார். உடனே செயினைக் கழற்றவும் சொல்லவில்லை. ஆயில் ஃபில்டர் எந்த ரகம் என்று கேட்டார். ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு சரியில்லாத ஃபில்டர் இருந்தால் காலையில் பிரஷர் ஏறத் தாமதமாகும் என்றார். ஒரிஜினல் ஃபில்டரும் கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலும் போட்டோம். சத்தம் அடங்கியது. செயின் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அடுத்த மார்கழியில் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் மெக்கானிக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில், எஞ்சின் ஓடும்போதே நாசில் பைப்பைத் தளர்த்திப் பார்க்கிறேன் என்று ஸ்பானரை எடுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பம்ப் கடை இரண்டாவது படி. சந்தேகம் நாசில் மேல் என்று உறுதியானால் அங்கே போகலாம். ரிட்டர்ன் டீசலை ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனி பாட்டிலில் பிடித்து அளவை ஒப்பிடுவார்கள். தேய்ந்த நாசில் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். அவசரப்பட்டு முதலிலேயே போனால், பிரச்சினை செயினில் இருக்க, நாசிலைக் கழற்றிய வீண் செலவுதான் மிஞ்சும்.

வாரண்டி உள்ள வண்டி என்றால் சர்வீஸ் சென்டர்தான், பேச்சே இல்லை. புது நாசில் போட்டு அந்த நாசிலுக்கான கோடு எண்ணை எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவில் ஏற்ற வேண்டிய வண்டிகளுக்கும் அதற்கேற்ற ஸ்கேனர் வேண்டும். புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிகளைப் பற்றி, வைத்திருப்பவர்கள் சொல்லக் கேட்டதுதான்; அவர்களும் சர்வீஸ் சென்டரையே சொல்கிறார்கள். அப்படிப் போவதானால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். ஜாப் கார்டில் ‘குளிர்ந்த எஞ்சினில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். காலையில் வாட்டர் வாஷுக்காக யாராவது வண்டியை நகர்த்திவிடுவதற்கு முன் நீங்கள் அங்கே போய்விடுங்கள்.