செயினா, பெல்ட்டா, ஷாஃப்ட்டா? பின்சக்கரத்தைச் சுற்றி ஒரு வாதம்

மலைப்பாதையில் ஏறி வந்து நாலு பேர் ஓரமாக வண்டியை நிறுத்தினால், இயற்கைக் காட்சியைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடம் தாங்கும். அப்புறம் ஒருவர் குனிந்து அடுத்தவர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பார். "செயின் ரொம்ப லூஸா இருக்கே?" என்பார். அதோடு பள்ளத்தாக்காவது மூடுபனியாவது! இன்ஜினின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக மூன்று வழி: கண்ணி கோத்த செயின், பல் வைத்த பெல்ட், சுழலும் இரும்புத் தண்டான ஷாஃப்ட். எது சிறந்தது என்பதுதான் வாதம். செயின் வண்டிக்காரர் தற்காப்பில் இறங்குவார், பெல்ட் வண்டிக்காரர் தன் வண்டியின் சுத்தத்தைக் காட்டுவார், ஷாஃப்ட் வண்டி வைத்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நியாயமானதுதானா என்று கேட்டால், பாதி நியாயம் என்பேன். என் ப்ராஜெக்ட் வண்டி, அதாவது ஷெட்டில் நானே மாற்றி அமைத்துக்கொண்டிருக்கும் வண்டி, செயினில் ஓடுகிறது. இடையில் சில வருடம் பெல்ட் வண்டி வைத்திருந்தேன். நண்பர் ஒருவரின் ஷாஃப்ட் வண்டியை ஓட்டியும் இருக்கிறேன், அவரோடு உட்கார்ந்து கழற்றியும் இருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீண்ட தூரம் ஓட்டினால் மட்டும் போதும் என்பவருக்கு ஷாஃப்ட். ஷெட்டில் உட்கார்ந்து வண்டியை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆசை உள்ளவருக்குச் செயின். பெல்ட், தார்ச்சாலையை விட்டு இறங்காதவருக்கு.

செயினிலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்று நாம் பார்க்கும் ரோலர் செயினின் மூல வடிவத்துக்கு மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை வாங்கியது 1880-ல். அடிப்படை அமைப்பு இன்னும் மாறவில்லை. பெரிய முன்னேற்றம் என்றால், கண்ணிகளைக் கோர்க்கும் பின்னுக்கும் (ஊசி) அதைச் சுற்றிய புஷ்ஷுக்கும் (குழல்) நடுவில் கிரீஸை அடைத்து, ரப்பர் வளையத்தால் மூடிய ஓ-ரிங் செயின்தான். அது வந்த பிறகு செயினின் ஆயுள் பல மடங்கு கூடியது.

"செயின் நீண்டுவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறோம். இரும்பு இழுபட்டு நீளுவதாகத்தான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் நீள்வது பட்டைகள் இல்லை, ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. கணக்குப் போட்டால் புரியும். 520 அளவுச் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே 15.875 மி.மீ. (முதல் எண் 5 என்பது அங்குலத்தின் எட்டில் ஐந்து பங்கு, 428 என்றால் எட்டில் நான்கு, அதாவது 12.7 மி.மீ.) 110 கண்ணி என்றால் மொத்த நீளம் சுமார் 1746 மி.மீ. ஒவ்வொரு மூட்டிலும் 0.1 மி.மீ. மட்டும் தேய்ந்தால் போதும், செயின் 11 மி.மீ. நீண்டிருக்கும். செயின் ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களோ பழைய இடைவெளியிலேயே இருக்கின்றன. அதனால் செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்கார்ந்து, பல்லைக் கொக்கி மாதிரி வளைத்துவிடுகிறது. புதுச் செயினைப் பழைய ஸ்ப்ராக்கெட்டில் போட்டால் சீக்கிரம் பாழாகும் என்று மெக்கானிக்குகள் சொல்வது வியாபாரத்துக்காக இல்லை.

இந்த வேலைகள் எல்லாம் அலுப்பானவைதான், மறுக்கவில்லை. மழையில் ஓட்டிவிட்டு வந்த அன்று மாலையே மண்ணெண்ணெய் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, லூப் (மசகெண்ணெய்) அடிக்க வேண்டும். கம்பி பிரஷ் போட்டால் ஓ-ரிங் கிழியும். ஒருமுறை சோம்பேறித்தனத்தில் இன்ஜினை ஓடவிட்டு முதல் கியரில் பின்சக்கரம் தானாகச் சுற்ற, துணியைச் செயினில் பிடித்துக்கொண்டிருந்தேன். துணி சட்டென்று ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விட்டது. விரல் போகாதது என் திறமையால் இல்லை. அன்றிலிருந்து இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் சுத்தம் செய்கிறேன்.

டைட் வைப்பதிலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. பல சாலை வண்டிகளுக்குச் செயின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். சஸ்பென்ஷன் நீளமான வண்டிகளுக்கு இன்னும் அதிகம். ஸ்டாண்டில் நிற்கும்போது லூஸாகத் தெரிகிறதே என்று இழுத்துக் கட்டிவிடுவார்கள். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) திரும்பும் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகபட்சமாக இறுகும். ஆள் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது அந்த நிலை வரும். அப்போது விட்டுக்கொடுக்க இடம் இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங்கும் ஆயில் சீலும் அடி வாங்கும். லூஸ் செயின் சத்தம் போட்டுச் சொல்லிவிடும், டைட் செயின் சொல்லாமல் கெடுக்கும்.

இத்தனை தொல்லைக்கும் ஏன் செயின் கட்சி என்றால், ஒரே காரணம்: பல் மாற்றலாம்.

என் வண்டியில் முன்னால் 15 பல், பின்னால் 45. விகிதம் 3.0. சமவெளியில் நன்றாக ஓடும் வண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் திணறியது. இரண்டாவது கியரில் வளைவுக்குள் போனால் இன்ஜின் இருமும், முதல் கியருக்கு இறக்கினால் கத்தும். நடுவில் ஒரு கியர் இருந்தால் தேவலை என்று ஒவ்வொரு வளைவிலும் தோன்றும். முன் ஸ்ப்ராக்கெட்டை 14 ஆக்கினேன். விகிதம் 3.21, அதாவது சுமார் 7 சதவீதம் கூடுதல் இழுவை. ஒரு ஸ்ப்ராக்கெட், ஒரு பெரிய ஸ்பேனர், அரை மணி நேரம். அடுத்த வாரம் அதே பாதையில் இரண்டாவது கியரிலேயே வளைவுக்குள் போய் வெளியே வந்தேன். இன்ஜினைத் தொடவில்லை, ஆனால் வேறு வண்டி ஓட்டுவது போல இருந்தது.

முன்னால் ஒரு பல் குறைப்பது, பின்னால் ஏறக்குறைய மூன்று பல் கூட்டுவதற்குச் சமம் (15-க்கு 48 போட்டால் 3.2). பின்னால் கூட்டினால் பெரும்பாலும் செயின் நீளம் போதாது. முன்னால் குறைத்தால் நீளம் பிரச்சினை இல்லை, ஆனால் செயின் சின்ன வட்டத்தில் வளைவதால் தேய்மானம் கொஞ்சம் கூடும். நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றும், மைலேஜும் கொஞ்சம் அடி வாங்கும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் வண்டியாக இருந்தால் அது உள்ளதைவிட அதிக வேகம் காட்டும். முன்சக்கரத்திலிருந்து எடுத்தால் கவலை இல்லை. நுணுக்கம் பார்ப்பவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: செயின் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படை, எனவே முன்னால் ஒற்றைப்படைப் பல் இருந்தால் தேய்மானம் சமமாகப் பரவும். சரிதான். நான் 14 போட்டேன், தூக்கம் ஒன்றும் கெடவில்லை.

பெல்ட் பக்கம் போவோம். மோட்டார் சைக்கிளின் தொடக்க காலத்தில் தோல் பெல்ட்தான் பெருவழக்கு. மழை பெய்தால் வழுக்கும். அதனால்தான் செயின் உள்ளே வந்தது. பல் வைத்த நவீன பெல்ட் 1980-ல் ஹார்லி-டேவிட்சனின் ஸ்டர்ஜிஸ் மாடலில் வந்த பிறகு கதை மாறியது. இழுவை தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே ஓடும் அராமிட் அல்லது கார்பன் இழைகள். எண்ணெய் வேண்டாம், லூப் வேண்டாம், துணியில் கறுப்புப் படியாது. ஆக்ஸிலேட்டரைத் திறந்து மூடும்போது செயினில் வரும் அந்தச் சின்ன உலுக்கல் இதில் மிகக் குறைவு. பெல்ட் வண்டியில் இருந்த வருடங்களில் நான் செய்த பராமரிப்பு, சோப்புத் தண்ணீரில் கழுவியது, அவ்வப்போது டென்ஷன் பார்த்தது, அவ்வளவே. நாலரை கிலோ அளவு அழுத்திவிட்டு எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்ப்பார்கள், அதற்கென்று ஸ்பிரிங் வைத்த சின்னக் கருவி உண்டு.

அந்த வண்டியை விட்டதற்குக் காரணம் ஒரு சரளைக்கல். காட்சி முனைக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் எங்குமே தார் இருக்காது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பெல்ட்டுக்கும் அது ஓடும் சக்கரமான புல்லிக்கும் இடையே சிக்கிய கல் பெல்ட்டைத் துளைத்துவிடும். அங்கே சில இழைகள் அறுபட்டால் மீதி இழைகள் கொஞ்ச காலம் தாங்கும். பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் அறுந்துவிடும். என் பெல்ட்டில் அப்படி ஒரு துளையைக் கழுவும்போது பார்த்தேன். அறுவதற்கு முன்பே மாற்றிவிட்டேன் என்றாலும், மாற்றும் வேலைதான் கண்ணைத் திறந்தது. பெல்ட் முடிவில்லாத வளையம், நடுவில் பிரித்துக் கோர்க்க முடியாது. பல வண்டிகளில் அது ஸ்விங்ஆர்மைச் சுற்றி ஓடுவதால், ஸ்விங்ஆர்மையே கழற்றினால்தான் புது பெல்ட் உள்ளே போகும். செயின் அறுந்தால் பையில் வைத்திருக்கும் ஒரு இணைப்புக் கண்ணியும் கண்ணியைப் பிரிக்கும் செயின் பிரேக்கரும் வீடு சேர்க்கும். பெல்ட் அறுந்தால் லாரியை வரவழைக்க வேண்டியதுதான். புது பெல்ட்டைச் சின்னதாக மடித்துப் பெட்டியில் திணிக்கவும் கூடாது, உள்ளே இழை உடையும்.

ப்ராஜெக்ட் பார்வையில் இன்னொரு குறை: புல்லி அளவுகளில் தேர்வு மிகக் குறைவு. பெல்ட் சின்ன வட்டத்தில் வளையாது என்பதால் முன்புல்லியே பெரிதாகத்தான் இருக்கும், பின்புல்லி அதற்கேற்ப இன்னும் பெரிதாக. செயினில் ஒரு பல் மாற்றுவது போல இங்கே விளையாட முடியாது.

ஷாஃப்ட் புதுமை ஒன்றும் இல்லை. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905-லேயே நாலு சிலிண்டர் வண்டியில் போட்டது. அதை நிலைநிறுத்தியது 1923-ல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர்32. அதன் பாக்ஸர் இன்ஜினில் (சிலிண்டர்கள் இரு பக்கமும் நீட்டியிருப்பது) கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றும் தண்டு, முன்பின்னாகப் படுத்திருப்பதால், சக்தி பின்சக்கரம் வரை நேராகப் போய் ஒரே ஒரு இடத்தில் திரும்பினால் போதும். மோட்டோ குஸ்ஸியின் வி-ட்வின்னுக்கும் இதே வசதி. கிராங்க் குறுக்காக இருக்கும் இன்ஜினில் ஷாஃப்ட் வைத்தால் சக்தி இரண்டு முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கரையும். சுத்தமான செயின் நூற்றுக்கு 97, 98 வரை சக்கரத்துக்குக் கடத்தும், ஷாஃப்ட் அந்த அளவுக்குக் கொடுக்காது. எடையும் கூடுதல். சின்ன இன்ஜின் வண்டிகளில் ஷாஃப்ட்டை அனேகமாகக் காண முடியாததற்கு இதுவே காரணம்.

வளைவில் ஓட்டுபவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறு. பழைய ஷாஃப்ட் வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், விட்டால் அமரும். சாய்ந்து போகும்போது பயந்து சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால், வண்டி தாழ்ந்து ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும். நண்பரின் பழைய வண்டியில் முதல் கொண்டை ஊசியிலேயே எனக்கு இந்தப் பாடம் கிடைத்தது. வளைவு முடியும் வரை லேசாகத் திறந்தே வைத்திருக்கப் பழக வேண்டும். 1987-ல் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்த பாராலீவர், கூடுதலாக ஒரு கையும் மூட்டும் வைத்து இந்த எழும்பலைப் பெருமளவு அடக்கியது. அந்த அமைப்பு உள்ள வண்டிகளில் ஷாஃப்ட் இருப்பதே அனேகமாகத் தெரியாது.

பராமரிப்பு என்று பார்த்தால் பின்பக்க கியர் பெட்டிக்கு அவ்வப்போது ஆயில் மாற்றுவது, பெரும்பாலும் கால் லிட்டர் அளவுதான். மழை, சேறு எதுவும் உள்ளே போகாது. நண்பரின் சிரிப்பு இதற்காகத்தான். ஆனால் அதே நண்பரின் வண்டியை ஒரு நாள் முழுக்கப் பிரித்தபோது, சுழலும் பாகங்களை ஒன்றோடொன்று கோர்க்கும் பல்வரிகளான ஸ்ப்ளைன்கள் காய்ந்து, கூர்மை போய், தேய்ந்த சாவி மாதிரி மழுங்கியிருந்தன. மாலிப்டினம் கிரீஸ் பூச வேண்டிய இடம் அது. பின்சக்கரத்தைக் கழற்றினால்தான் கண்ணில் படும் என்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. செயினில் வாராவாரம் பத்து நிமிடம் போகிறது. ஷாஃப்ட்டில் பல வருடம் நிம்மதி, பிறகு ஒரே நாளில் மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும். விகிதம் மாற்ற வேண்டும் என்றால் பின் கியர் பெட்டியையே மாற்ற வேண்டும்.

நடுவில் ஒரு ஆதங்கம். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் வண்டிகளில் செயினை முழுவதும் ரப்பர் குழாய்களுக்குள் மூடி வைத்திருந்தார்கள். தூசி இல்லை, மழை இல்லை, லூப் தெறிப்பதும் இல்லை. செயினின் எல்லா வசதியும் உண்டு, பாதித் தொல்லை கிடையாது. அழகாகத் தெரியவில்லை என்பதைத் தவிர அது பரவாமல் போனதற்கு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

பழைய வண்டி ஒன்றைப் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கப் போகிறவர் அங்கேயே குனிந்து பார்த்துவிடலாம். செயின் என்றால், பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்விளிம்பில் செயினை விரலால் பின்னோக்கி இழுங்கள்; பாதிப் பல் வெளியே தெரிந்தால் முழு செட்டும் போக வேண்டியதுதான். பெல்ட் என்றால், சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிக்கொண்டே துளை, வெடிப்பு, உதிர்ந்த பல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாஃப்ட் என்றால், கியரில் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி எவ்வளவு தளர்வு இருக்கிறது என்று பாருங்கள், பிறகு விற்பவரின் அனுமதியோடு பின் கியர் பெட்டியின் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றுங்கள். காந்த முனையில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் இயல்பு. நகக்கண் அளவுக்கு இரும்புத் துணுக்கு இருந்தால், போல்ட்டை மறுபடி இறுக்கிவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.